ஆவணப் பெட்டியின் சாவி யார் கையில்?

நீலசந்திராவிலிருந்து கஸ்தூரிபா சாலை அருங்காட்சியகத்திற்கு நடந்தே போய்விடலாம். ஜான்சன் மார்க்கெட்டைத் தாண்டி, ரிச்மண்ட் டவுனைக் கடந்தால் சிவப்பு வண்ணக் கட்டடம் கண்ணில் படும். 1865-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் அது. நம்மில் எத்தனை பேர் அதற்குள் போயிருக்கிறோம்? பக்கத்தில் இருக்கும் கப்பன் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு நிலக்கடலை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்களே அதிகம்.

அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு கல் இருக்கிறது. மண்டியா மாவட்டத்து ஆத்தகூரில் கிடைத்த கல். 10-ஆம் நூற்றாண்டின் நடுவில், கன்னடத்தில் வெட்டப்பட்டது. காட்டுப்பன்றியோடு போராடி மடிந்த ‘காளி’ என்ற வேட்டை நாய்க்கு எடுத்த நினைவுக்கல் அது. அதே கல்லில் இன்னொரு செய்தியும் உண்டு. தக்கோலத்துப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட செய்தி! தமிழ்நாட்டில், அரக்கோணத்துக்குப் பக்கத்தில் நடந்த போருக்குச் சான்று, பெங்களூரில் ஒரு கன்னடக் கல்லில் இருக்கிறது. நாய்க்கு வைத்த கல்லில் சோழனின் சாவு!

இதைப் படித்ததும் நம் மேடைப் பேச்சாளர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். எதிர்மேடைக்காரர்களுக்கும் சங்கடம் காத்திருக்கிறது. பெங்களூர் என்ற பெயரைச் சொல்லும் பேகூர் வீரக்கல் கன்னடத்தில் இருப்பது உண்மை. தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயிலிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதும் உண்மை. 1905-லேயே லூயிஸ் ரைஸ் என்ற வெள்ளைக்காரர் பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்து அச்சிட்டார். கன்னடமும் தமிழும் அந்த ஒரே தொகுதிக்குள் அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. கல்லுக்குக் கட்சி இல்லை. கல்லைக் கையில் எடுப்பவனுக்குத்தான் கட்சி இருக்கிறது.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்த நகரத்தில் வாழ நமக்குள்ள உரிமை 800 ஆண்டுப் பழைய கல்லிலிருந்து வரவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைக் குடிமகனுக்குத் தந்திருக்கிறது. அதைவிடப் பெரிய சான்று நம் உழைப்பு. பட்டாளத்துக்கு மூட்டை தூக்கியவர், பங்களாவில் சமைத்தவர், ஆலையில் நூல் நூற்றவர், சாக்கடை அள்ளியவர், கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர் நம் பாட்டனும் பாட்டியும். கல்லைக் காட்டி உரிமை கேட்கத் தொடங்கினால், நாளைக்கு நம்மைவிடப் பழைய கல்லோடு ஒருவன் வருவான். அவனுக்கு என்ன பதில் சொல்வோம்?

அப்படியானால் பழைய கல்லும் காகிதமும் வரைபடமும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது, தோழர்களே.

வரைபடம் எப்படிப் பிறந்தது? 1791 மார்ச்சில் கார்ன்வாலிஸின் படை முதலில் பேட்டையையும், இரண்டு வாரம் கழித்துக் கோட்டையையும் பிடித்தது. எந்தச் சுவரை உடைப்பது, எந்த ஏரியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது என்ற கணக்கோடு வெள்ளை எஞ்சினீயர்கள் பெங்களூரைப் படமாக வரைந்தார்கள். 1799-இல் திப்பு வீழ்ந்ததும் அளவைச் சங்கிலி வந்தது. காலின் மெக்கன்சி மைசூர் நாட்டை ஊர் ஊராக அளந்தார். வில்லியம் லாம்ப்டன் 1800-இல் பெங்களூர் அருகே அடிக்கோடு அளந்து பார்த்துவிட்டு, 1802-இல் சென்னைப் பரங்கிமலையில் பெரிய அளவைப் பணியைத் தொடங்கினார். முதலில் படையெடுக்க, பிறகு வரி வாங்க: வரைபடம் பிறந்த காரணம் இதுதான். சங்கிலியின் முனையைப் பிடித்து வெயிலில் நடந்த கூலியின் பெயர் அந்தப் படங்களின் மூலையில்கூட இல்லை.

மெக்கன்சி 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார், 1821-இல் இறந்தார். காவலி வெங்கட போரையா, லட்சுமய்யா போன்ற இந்த நாட்டு அறிஞர்கள் ஊர் ஊராய்த் திரட்டித் தந்த ஏடுகளும் படங்களும் சேர்ந்த அவரது தொகுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. அதில் ஒரு பங்கு லண்டனுக்குக் கப்பலேறியது. ஒரு பங்கு சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. சொன்னவன் கிராமத்தான், எழுதியவன் நம் ஊர்ப் படிப்பாளி, விலைக்கு வாங்கியவன் கம்பெனி, வைத்திருப்பது லண்டன்!

சரி, அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாமா? 2016 ஆகஸ்டில் இந்த நகரத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? மழைவெள்ளம் வந்தது. ராஜகாலுவே ஆக்கிரமிப்பை இடிக்கிறோம் என்று மாநகராட்சி பொக்லைனோடு புறப்பட்டது. எதை வைத்து அளந்தார்கள்? பழைய கிராம வரைபடத்தை வைத்து! கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்குகிறது என்று நாம் நினைத்த காகிதம் எழுந்து வந்து வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு போட்டது. வங்கியில் கடன் வாங்கி, பத்திரம் பதிந்து கட்டிய நடுத்தர வர்க்கத்து வீடுகளே இடிந்தன என்றால், பத்திரமே இல்லாத குடிசைக்காரன் நிலை என்ன?

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2013 ஜனவரியில், நமக்கு அடுத்த வீதி போல இருக்கும் எஜிபுராவில் என்ன நடந்தது? ஏழைகளுக்கென்று கட்டிய குடியிருப்பு வளாகத்தில் தகரக் கொட்டகை போட்டு வாழ்ந்த குடும்பங்களை, கடுங்குளிரில், கைக்குழந்தைகளோடு தெருவில் நிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். அங்கே எழுந்த கேள்வி என்ன? யார் ஒதுக்கீட்டுக் காகிதம் வைத்திருப்பவர், யார் பிறகு குடிவந்தவர் என்பதே. எத்தனை ஆண்டு வாழ்ந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. என்ன காகிதம் வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள்.

இப்போது அதே பழைய வரைபடத்தை நாம் கையில் எடுத்துப் பார்ப்போம். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடத்தில் என்ன தெரிகிறது? தர்மாம்புதி ஏரி! கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடத்தில்? சம்பங்கி ஏரி! நம் ஊரின் பெயரையே பாருங்கள். பொம்மசந்திரா, ஜக்கசந்திரா, நீலசந்திரா என்று முடியும் பெயர்களில் உள்ள ‘சந்திரா’ நிலவைக் குறிப்பதன்று. ‘சமுத்திரம்’ என்ற சொல் தேய்ந்த உருவம். ஊருக்கு நீர் தந்த ஏரியைச் சமுத்திரம் என்று பெருமையாக அழைத்தார்கள் முன்னோர். ஏரியின் மீது அரசு பஸ் நிலையம் கட்டினால் வளர்ச்சி. விளையாட்டரங்கம் கட்டினால் பெருமை. அதே ஏரிக்கரையில் கூலிக்காரன் பத்தடிக்குப் பத்தடி குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு! இந்த இரட்டை நியாயத்தை அம்பலப்படுத்தும் சாட்சி அந்தப் பழைய வரைபடம்தான். அதிகாரி ஒரு மூலையை மட்டும் நமக்குக் காட்டுகிறான். முழுப் படத்தையும் விரித்துப் பார்க்கும் உரிமை நமக்கு வேண்டாமா?

ஆனால் விரித்துப் பார்க்க எங்கே போவது? தண்டு என்று நம் பெரியவர்கள் சொன்ன கண்டோன்மெண்ட் 1809 வாக்கில் உருவானது. 1881-இல் மைசூர் அரசருக்கு நாடு திரும்பக் கொடுக்கப்பட்டபோதும் அந்தப் பகுதி மட்டும் வெள்ளை ரெசிடெண்டின் ஆட்சியிலேயே இருந்தது. 1947-இல்தான் மைசூரோடு சேர்ந்தது. இதனால் நம் தெருக்களின் கதை நான்கு ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. ரெசிடெண்டின் ஏடுகளைத் தேடினால் டில்லி தேசிய ஆவணக் காப்பகம். கம்பெனியின் படங்களைத் தேடினால் லண்டன். சென்னை அரசோடு நடந்த கடிதப் போக்குவரத்தைத் தேடினால் எழும்பூர். மைசூர் அரசின் கோப்புகளைத் தேடினால் கர்நாடக ஆவணக் காப்பகம். நீலசந்திராவில் ஒற்றை அறையில் குடியிருப்பவன் தன் தெரு பிறந்த கதையைப் படிக்க நாடு சுற்ற வேண்டும். கடலும் தாண்ட வேண்டும்!

இதை எழுதுபவன் ஒருமுறை ஓர் ஆவண அலுவலகத்தின் வாசலில் நின்றவன். “எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்டார்கள். பல்கலைக்கழகம் இல்லை, தொழிற்சாலை என்றேன். “அறிமுகக் கடிதம்?” என்றார்கள். என்னை எனக்கு அறிமுகம் செய்துவைக்க எந்த அதிகாரி கடிதம் தருவான்? பேராசிரியருக்குத் திறக்கும் கதவு பிட்டருக்குத் திறப்பதில்லை. அந்தப் பேராசிரியர் எழுதப்போவதோ நம் பாட்டனைப் பற்றித்தான்!

காகிதம் பழையது, கிழிந்துவிடும், கண்டவர்களும் தொட்டால் திருட்டுப் போகும் என்பது அதிகாரிகளின் வாதம். காகிதம் நைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மூலத்தை இரும்புப் பெட்டியில் வையுங்கள், யார் வேண்டாமென்றார்கள்? படி எடுத்துக் கொடுப்பதில் என்ன தடை? 20 ஆண்டைத் தாண்டிய தகவலை, ஒருசில விலக்குகள் நீங்கலாக, கேட்ட குடிமகனுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி நெடுங்காலம் பூட்டிவைத்திருந்த நில அளவைப் படங்களை 2021 பிப்ரவரியில் மத்திய அரசே பெருமளவு தளர்த்தியது. யாருக்காக? படம் வைத்து வியாபாரம் செய்யும் கம்பெனிகள் கேட்டன, கதவு திறந்தது. கம்பெனிக்குத் திறந்த கதவு குடிமகனுக்கு மட்டும் ஏன் கிறீச்சிடுகிறது?

டில்லிக் காப்பகம் ஏடுகளைக் கணினியில் ஏற்றி இணையத்தில் வைக்கிறது. கர்நாடக வருவாய்த்துறையின் கிராம வரைபடங்களும் கணினியில் கிடைக்கின்றன. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் ஒன்று பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது, மற்றொன்று கன்னடத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள்? இங்கே நம்மையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று தலைமுறை இந்த மண்ணில் வாழ்ந்தும் ஒரு சர்வே எண்ணைக் கன்னடத்தில் படிக்கத் தெரியாமல் புரோக்கரிடம் காசு கொடுத்துக்கொண்டிருப்பது எந்த வகைத் தமிழ்ப்பற்று? தாய்மொழியைக் காப்போம், அதற்காகவே போராடுவோம். கூடவே, நம் வீட்டின் தலையெழுத்து எழுதப்பட்டிருக்கும் மொழியையும் கற்போம்.

இனி மைசூருக்கு வருவோம். கல்வெட்டின் மீது காகிதத்தை ஒட்டி, மை தடவி எடுக்கும் பிரதிக்கு மைப்படி என்று பெயர். 1886-இல் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரை அமர்த்தி, அரசின் கல்வெட்டு அலுவலகம் இதே பெங்களூரில்தான் தொடங்கியது. அங்கிருந்து சென்னைக்கும், பிறகு உதகைக்கும் போய், 1966-இல் மைசூரில் வந்து நின்றது. தமிழ்நாட்டுக் கோயில்களில் படியெடுத்த ஆயிரமாயிரம் மைப்படிகள் அங்கே பல்லாண்டு கிடந்தன. அவற்றில் பல இன்னும் அச்சேறவில்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி உத்தரவிட்டது. அதன் பிறகு அவை கட்டுக்கட்டாகச் சென்னைக்கு வரத் தொடங்கின.

வரவேற்கிறோம். கல்லை உடைத்துக் கோயில் தளத்துக்குப் போட்டவர்களும், திருப்பணி என்ற பேரில் மணல் வீச்சால் எழுத்தைத் தேய்த்தவர்களும் நம் நாட்டில் உண்டு. கல் போன இடத்தில் மைப்படிதான் மிச்சம். அது பத்திரமாக இருக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர்களின் கைக்குப் போக வேண்டும். ஆனால் அன்று மேடையேறி, “மைசூரான் மறைத்த தமிழை மீட்டோம்!” என்று முழங்கியவர்களைக் கேட்கிறோம்: மைசூரில் இருந்தபோது அச்சேறாத கல்வெட்டு சென்னைக்கு வந்ததும் தானாக அச்சேறிவிடுமா? அதைப் படிக்க எத்தனை கல்வெட்டறிஞர்களை நியமிக்கப் போராடினீர்கள்? அலமாரி மாநில எல்லை தாண்டியது. சாவி அதே இலாகாவின் இடுப்பில்தானே தொங்குகிறது?

கன்னடத் தோழர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பெல்லாரியும் தென்கன்னடமும் அந்நாளைய சென்னை மாகாணத்து ஜில்லாக்கள். அந்த ஜில்லாக்களின் பழைய அரசு ஆவணங்கள் எழும்பூர்க் காப்பகத்தில் இருக்கின்றன. மங்களூர்க்காரர் தன் பாட்டன் நிலத்தின் கதையைத் தேடிச் சென்னைக்கு ரயிலேற வேண்டும். நம் குறை நமக்கு மட்டும் உள்ளதா? பூட்டு ஒரே பூட்டு. வாசலில் நிற்பவர் மொழிதான் வேறு. ஆகவே ‘எங்கள் பெட்டியைக் கொடு’ என்ற கூச்சலைவிட ‘இரண்டு பெட்டியையும் திற’ என்ற குரல் நியாயமானது, வலிமையானது.

இது நடவாத காரியமா? 1991-இல் அல்சூரில் நிறுவிய திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடியே கிடந்ததை நாம் கண்ணால் பார்த்தவர்கள். 2009 ஆகஸ்டில் இங்கே வள்ளுவரைத் திறந்தார்கள். அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். இரண்டு அரசுகள் மனம் வைத்தால் சிலைக்குச் சிலை மாற்றிக்கொள்ள முடிகிறது. படிக்குப் படி மாற்றிக்கொள்ள முடியாதா? சிலைக்கு மாலை போட ஆண்டுக்கு ஒருநாள் போதும். ஆவணத்தைப் படிக்க ஆரம்பித்தால் மக்கள் கேள்வி கேட்பார்கள். அந்தப் பயம்தான் காரணமோ?

பிறரைச் சாடியது போதும். நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். ஆவணம் என்றால் அரசன் செப்பேடு மட்டும்தானா? 1930-இல் கோலார் தங்கவயலில் நம் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளியைக் குற்றவாளி போல் காகிதத்தில் கட்டிப்போடும் தந்திரம் அது என்று அன்றே புரிந்துகொண்ட கூட்டம் நாம். அப்படிப்பட்ட போராட்டங்களின் துண்டறிக்கை ஒன்று உங்கள் வீட்டில் உண்டா? ஆலை வாயில் கூட்ட நோட்டீஸ், சங்கச் சந்தா ரசீது, பழைய ரேஷன் கார்டு, வாடகைச் சீட்டு, ஹக்கு பத்திரம், தமிழ்ப்பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் — இவையெல்லாம் எங்கே போயின? பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போயின. அரசனின் தானத்தைக் கல் சொல்கிறது. கூலியின் வாழ்வைச் சொல்ல அந்த ரசீதைத் தவிர வேறு சான்று கிடையாது.

காகிதம் அழிந்தால் என்னவாகும் என்பது தமிழனுக்குத் தெரியாததா? 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. நம் வயிறும் எரிந்தது, ஊர்வலம் போனோம். 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் இந்த நகரத்தில் கலவரம் மூண்டபோது, உடுத்திய துணியோடு ரயிலேறிய குடும்பங்கள் எத்தனை! திரும்பி வந்தபோது தகரப்பெட்டியும் இல்லை. அதிலிருந்த ரேஷன் கார்டும் இல்லை. பகைவன் எரித்ததற்கு அழுதோம். நம் கையாலேயே எடைக்குப் போட்டதற்கு யார் அழுவது?

எனவே நம் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. பெங்களூர் பற்றிய வரைபடங்களும் ஏடுகளும் எந்தக் காப்பகத்தில், எந்த எண்ணில் இருக்கின்றன என்ற ஒரே பட்டியலைக் கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அரசு வெளியிட வேண்டும்.

2. அந்தந்தப் பகுதியின் பழைய வரைபடப் படிகளை அந்தந்தப் பகுதிப் பொதுநூலகத்தில், சுவரில் மாட்டி வைக்க வேண்டும். நீலசந்திராவின் படம் நீலசந்திராவில் தொங்க வேண்டும்.

3. வீட்டை இடிக்க நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரி, எந்த வரைபடத்தை ஆதாரமாகக் கொண்டாரோ அதன் முழுப் படியையும் நோட்டீஸோடு இணைத்துத் தர வேண்டும்.

4. தமிழ்நாடும் கர்நாடகமும் ஆவணப் படிகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். சென்னைக்கு வந்த மைப்படிகளை யாரும் இலவசமாகப் பார்க்கும்படி படமெடுத்து வெளியிட வேண்டும்.

5. அறிமுகக் கடிதம் என்ற தீண்டாமைச் சுவரை இடிக்க வேண்டும். வாக்காளர் அட்டை உள்ள எவரும் வாசகரே.

இவை அரசுக்கு. நமக்கு நாமே இட்டுக்கொள்ளும் கட்டளையும் ஒன்று உண்டு. நம் சங்க அலுவலகத்தில் ஒரு இரும்புப் பெட்டி வாங்கி வைப்போம். வீட்டுக்கு ஒரு காகிதமாவது கொண்டுவாருங்கள். கொடுக்க மனமில்லாவிட்டால் படியெடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம். பாட்டி எந்த ஜில்லாவிலிருந்து, எந்த ஆண்டு, எந்தப் பஞ்சத்தில் கிளம்பி வந்தாள் என்பதை அவள் சொல்லச் சொல்ல எழுதி, தேதி போட்டு, கையொப்பமோ ரேகையோ வாங்கி வையுங்கள். தமிழ்க் குடும்பம் மட்டுமல்ல. பக்கத்து வீட்டு உருதுக்காரரின் காகிதமும், எதிர்வீட்டுக் கன்னடக்காரரின் காகிதமும் அந்தப் பெட்டிக்கு வரட்டும். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்களின் வரலாறு ஒரே பெட்டியில் இருப்பதுதான் முறை.

அந்தப் பெட்டிக்கும் ஒரு பூட்டு இருக்கும், தோழர்களே. ஆனால் சாவி வாசலில், எவர் கைக்கும் எட்டும் உயரத்தில், ஆணியில் தொங்கும். வாருங்கள், திறந்து படியுங்கள்!